‘பெருசு’க்கு ஏன் ‘அர்’ இல்லை?

பெருசு. கிழம். கிழடு. முசுடு. தொண்டு கிழம். சிடுமூஞ்சி. உம்மணாமூஞ்சி. கடுவன் பூனை. இப்போது பூமர்.

எரிந்து விழுகிற வயதானவர்களுக்கு நம்மிடம் இருக்கும் பெயர்கள் இவை. இன்னும் உண்டு, கெட்ட வார்த்தை ஒட்டியவற்றை விட்டுவிட்டேன். தாம்பரம் ரயில் நிலையத்தில் சாயங்காலம் படிக்கட்டில் மெதுவாக இறங்கும் ஒரு முதியவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கூட்டம் என்ன பேசுகிறது என்று காது கொடுத்துப் பாருங்கள். பாதி வந்துவிடும்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பெரியவர் வருகிறார். முப்பது வருடத்துக்கு மேல் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். யார் பேசினாலும் நடுவில் கையைத் தூக்கி, “அம்பேத்கர் அப்டி சொல்லலப்பா, புக்க சரியா படி” என்பார். பாதி நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், அதுதான் இன்னும் எரிச்சல். போன மாதம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தோழர் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறையாகக் குறுக்கே வந்தார். அந்த மாணவி பல்லைக் கடித்துக்கொண்டு “செம பூமர்” என்றார். பெரியவர் காதில் விழுந்துவிட்டது.

“பூமர்னா இன்னாம்மா?”

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு தம்பி, “பபுள்கம் பேரு தாத்தா” என்றார்.

“அது எனுக்குத் தெரியாதா? எம்பொண்ணு சின்ன வயசுல அத்தத்தான் மென்னுகினே இருக்கும். என்னிய ஏன் சொன்னீங்க, அத்த சொல்லு.”

அன்றைக்குப் புத்தகத்தைத் தொடவே இல்லை. பையன்கள் “பெரியவங்களுக்கு மரியாதை குடுக்கணும்” என்றார்கள். அந்த மாணவி, “மரியாதைன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்கள பேச விடாம வெச்சிருக்கீங்க” என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி எழுந்து வர எனக்கு விருப்பமில்லை. முதலில் அந்தச் சொற்களை எடுத்துப் பார்ப்போம். அயோத்திதாசப் பண்டிதர் ‘தமிழன்’ பத்திரிகையில் வருடக்கணக்கில் செய்த வேலை அதுதானே. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, இது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று துருவித் துருவிக் கேட்பார்.

பெருசு என்பது ‘பெரியது’தான். பெரியது, பெரிசு, பெருசு. பெரியவர் என்பதும் அதே வேர். பெரியார் என்பதும் அதே வேர். வேர் ஒன்றாக இருந்தும் ஒன்று ஏன் வசவாகவும் மற்றவை ஏன் மரியாதையாகவும் ஆயின? வித்தியாசம் வாலில் இருக்கிறது. பெரியவர், பெரியார் என்பவற்றில் ‘அர்’, ‘ஆர்’ இருக்கிறது. பெருசில் இல்லை. பெருசு அஃறிணை. கிழம் அஃறிணை, கிழடு அஃறிணை, முசுடும் அஃறிணைதான். “பெருசு வந்துச்சு”, “கிழம் கத்துது”. மனிதர்கள் உயர்திணை என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்த இலக்கணத்தில் இந்த வயதுக்கு மேல் உயர்திணை இல்லை என்று எதுவும் கிடையாது. நம் பேச்சு ஒரு வயதுக்கு மேல் ஆளைப் பொருளாக மாற்றிவிடுகிறது.

அஃறிணை என்றாலே அவமானம் என்று இல்லை. “குழந்த தூங்குது” என்கிறோம், அதில் அன்புதான் இருக்கிறது. சென்னைப் பக்கம் எங்கள் வீடுகளில் “ஆயா வந்துச்சு”, “அம்மா சொல்லுச்சு” என்றுதான் பேச்சு. அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு எங்கள் வீடும் தெரியாது, எங்கள் பேச்சும் தெரியாது. (எழுதும்போது மட்டும் ஆயாவுக்கு ‘அர்’ போடுகிறேன். ஏன் என்று பின்னால் வருகிறது.) நாமாக விரும்பி, நம் வீட்டுக்குள் விடுகிற ‘அர்’ வேறு. வெளியிலிருந்து ஒருவர் வந்து பிடுங்குகிற ‘அர்’ வேறு.

பிடுங்கவாவது முதலில் கொடுத்திருக்க வேண்டும். நம் பாட்டன் பாட்டிகள் பலருக்கு அதைக் கொடுக்கவே இல்லை. பாமாவின் ‘கருக்கு’ வந்தது 1992இல். நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டியை, நேற்றுப் பிறந்த அந்த வீட்டுப் பிள்ளைகள் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை ஏவுவதையும், பாட்டி அந்தப் பொடியன்களை ஐயா என்று அழைத்துக்கொண்டு ஓடுவதையும் அதில் எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில், தெருவில் ஒரு பெரியவர் தின்பண்டப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார். சிறுமிக்கு அது வேடிக்கையாக இருக்கும், சிரித்துக்கொண்டே வீட்டில் வந்து சொல்வாள். பொட்டலத்தில் கை பட்டால் தீட்டு என்பதற்காகத்தான் அவர் அப்படிப் போனார் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்றுவிடும். அந்தத் தெருவுக்கு அவர் பெரியவர். பொட்டலத்தை வாங்கிக்கொண்ட வீட்டுக்கு அவர் யார்?

அடுத்தது கிழவன். இந்தச் சொல்லின் கதை நம் பக்கத்து ஊரிலேயே கிடக்கிறது. பழந்தமிழில் கிழவன் என்றால் வயதானவன் இல்லை, உரிமை உள்ளவன், உடையவன். அகப்பொருள் இலக்கணத்தில் தலைவனும் தலைவியும்தான் கிழவனும் கிழத்தியும். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. நிலம் உடையவர் நிலக்கிழார். கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார் என்று சங்கப் புலவர்கள் பெயரில் வருவதும் இந்தக் கிழார்தான். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். பல்லாவரத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அவர் பெயரிலும் கிழார் இருக்கிறது. நிலமுள்ள வேளாளர் குடிப்பெயர் அது. உடைமை உள்ளவர் ஊரில் மூத்தவராக இருந்திருப்பார், அப்படியே சொல்லும் மெல்ல வயதின் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆக, கிழவன் ஆவதற்கு முதலில் நிலம் வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் அது யாரிடம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. மிராசு முறையில் வயல் மட்டும் அல்ல, சேரியில் குடிசை போட்டிருக்கும் மனைகூட மிராசுதாருடையது என்றார்கள். எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், வீடும் போகும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இதையெல்லாம் விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892இல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். நூறு வருடம் கழித்து அதில் பெரும்பகுதி யார் யார் கையிலோ இருந்தது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அன்றைக்குத் தெருவில் நின்றவர்களில் பலருக்கு இன்று அறுபது, எழுபது வயது. உடைமை என்று பொருள்பட்ட ஒரு சொல்லை, உடைமை கேட்டுத் தோட்டாவுக்கு முன் நின்றவர்கள் மீது எறிகிறோம்.

தொண்டு கிழம் என்பதில் வரும் தொண்டுக்குத் தொன்மையோடு உறவு. ஆனால் தொண்டு என்றால் அடிமை வேலை என்றும் ஒரு பொருள் அகராதியில் இருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டுமே பொருந்தும்.

பெண்களுக்கு வருவோம். சிடுசிடுக்கும் கிழவிக்கு நம் ஊரில் மூதேவி என்று ஒரு பட்டம் உண்டு, வயது குறைந்தவர்களுக்கும் தாராளமாகக் கிடைக்கும். மூதேவி என்றால் மூத்த தேவி, அவ்வளவுதான். லட்சுமிக்கு அக்கா. வள்ளுவர் தவ்வை என்கிறார், அதற்கும் அக்கா என்றே பொருள். பல்லவர் காலத்தில் இந்த அக்காவைக் கும்பிட்டிருக்கிறார்கள், காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் இன்னும் சிற்பம் இருக்கிறது. காக்கைக் கொடியும் துடைப்பமும் இவருடைய அடையாளம். தங்கை உள்ளே போனார், அக்காவை வெளியே அனுப்பிவிட்டார்கள், பெயர் வசவாகிவிட்டது. துடைப்பம் பிடித்த மூத்த பெண்ணுக்கு இந்த நாட்டில் வேறென்ன நடக்கும்? காலை ஆறு மணிக்குத் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் தெருக்களைப் பெருக்கும் அக்காக்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

மெட்ராஸ் பாஷையை விட்டால் எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். ரோட்டில் மெதுவாகக் குறுக்கே போகும் முதியவரைப் பார்த்துச் சொல்லும் “சாவுகிராக்கி”யில், கிராக்கி என்பது சவாரிக்கு வரும் வாடிக்கையாளர். உருது வழியாக வந்த சொல். சாவுக்குச் சவாரி கேட்டு நிற்கிறாயா என்கிற ரிக்‌ஷாக்காரர் கிண்டல். பேஜார் பாரசீகத்திலிருந்து வந்தது, சலிப்பு என்று பொருள். அப்புறம் கஸ்மாலம். குப்பத்து வார்த்தை என்று சினிமா எத்தனை வருடம் இதை வைத்துச் சிரித்தது! இது சுத்தமான சமஸ்கிருதம். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனைப் பார்த்துச் சொல்கிற சொல். கிருஷ்ணன் சொன்னால் உபதேசம், எங்கள் ஆயா சொன்னால் கொச்சை.

இந்தப் பாஷை பேசிய குடும்பங்களைத்தான் 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து தெற்கே இறக்கினார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். வேலை இருந்த இடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். லிஃப்ட் ஓடாத நாளில் ஏழாவது மாடியில் இருக்கும் ஒரு தாத்தா இரண்டு குடம் தண்ணீரோடு ஏறி வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவரிடம் யாராவது “சாப்ட்டியா தாத்தா?” என்று கேட்டால்கூடக் கடிப்பார். அவரை முசுடு என்பது ஒரு விவரம். ஆனால் முழு விவரம் இல்லை.

இனி என் ஆயா. திரிசூலம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். கல் தெறித்து இடது கண் பாதிதான் தெரியும். குவாரியில் இருந்த காலமெல்லாம் அவர் யாரையும் அதட்டியது கிடையாது என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள். மேஸ்திரி மகன் பதினைந்து வயசுப் பையன், “ஏய்” என்பான், இவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தது. பால்காரரைத் திட்டுவார், தண்ணீர் லாரிக்காரரைத் திட்டுவார், வாசலில் சைக்கிள் விட்டவரைத் திட்டுவார், பத்தாவதில் முதல் மார்க் வாங்கி வந்த என்னையும் “இன்னா பெரிய கலெக்ட்ரு ஆய்ட்டியா, போய் தண்ணி புடி” என்று திட்டுவார். தெருவில் அவருக்குப் பெயர் வெடி ஆயா. யாராவது தெரியாத்தனமாக “ஏய் கெழவி” என்றால் முடிந்தது. “எனுக்குப் பேரு இல்லியா? உங்கொப்பன் உன்னிய ஏய்னா கூப்டான்?” என்று ஆரம்பித்தால் ரேஷன் கடை மூடும்வரை நிற்காது.

ஐம்பது வருடம் அவருக்குக் கோபம் கட்டுப்படியாகவில்லை. கோபப்பட்டால் அன்றைய கூலி போகும். கூலி நின்ற பிறகுதான் கோபப்படும் வசதி வந்தது. வயதானால் எரிச்சல் வரும், மூட்டுவலி, தூக்கம் இல்லை, காது கேட்கவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் ஆயாவிடம் இருந்தது முதுமையின் எரிச்சல் மட்டும் அல்ல. ஐம்பது வருட பாக்கி.

இதே குணத்துக்கு வேறு இடங்களில் என்ன பெயர் என்று பாருங்கள். ஓய்வு பெற்ற அதிகாரி சிடுசிடுத்தால் அவர் ‘ஸ்ட்ரிக்ட்’. நிலபுலம் உள்ள தாத்தா அதட்டினால் ‘கண்டிப்பானவர்’. பழைய வாத்தியார் எரிந்து விழுந்தால் ‘கறாரானவர்’, அந்த அடியால்தான் நாங்கள் உருப்பட்டோம் என்று பேட்டி வேறு கொடுப்பார்கள். எங்கள் கிழவி அதையே செய்தால் ‘வாய்’, ‘திமிரு’, ‘ராங்கு’. சிடுமூஞ்சி என்கிற சொல்கூட முகத்தைத்தான் பார்க்கிறது, முகத்துக்குச் சொந்தக்காரர் என்ன பார்த்தார் என்று கேட்பதில்லை.

சிடுசிடுக்காத முதியவர் நல்லவர் என்றும் நினைத்துவிட வேண்டாம். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் (2018) வருகிற அந்தத் தாத்தாவை மறக்க முடியுமா? அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார், அமைதியாக வருவார், கொன்றுவிட்டுப் போவார். சாதிக்குச் சத்தம் போட வேண்டிய அவசியமே கிடையாது.

ஆயா என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். ஆய் என்றால் தாய். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆயா என்பது வேலையின் பெயர். என் அக்கா மகள் யுகேஜி சேர்ந்த முதல் மாதம் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம், “உன்ன இனிமே பாட்டின்னு கூப்புடுறேன். ஆயான்னா பாத்ரூம் கழுவுறவங்க” என்றது. ஐந்து வயதுக் குழந்தைக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, அதுவாகப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அப்போது மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே அறுபது வயது குடியிருப்புக்காரர் எல்லோருக்கும் அங்கிள். கேட்டில் நிற்கும் அறுபத்தெட்டு வயதுக்காரர் ஆறு வயதுப் பிள்ளைக்கும் வாட்ச்மேன். அங்கிள் எரிந்து விழுந்தால் அசோசியேஷன் கூட்டம் நடக்கும். வாட்ச்மேன் எரிந்து விழுந்தால் அடுத்த நாள் வேறு வாட்ச்மேன்.

இப்போது பூமர். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு பெருகிய காலத்தில், 1946 முதல் 1964 வரை, பிறந்தவர்களுக்கு இட்ட பெயர் அது. மலிவாக வீடு வாங்கினார்கள், நிலையான வேலை பார்த்தார்கள், பூமியைச் சூடாக்கினார்கள், இப்போது எங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள் என்று அடுத்த தலைமுறைக்குக் கோபம். 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில், 25 வயது உறுப்பினர் குளோயி ஸ்வார்பிரிக் பருவநிலை மசோதா பற்றிப் பேசியபோது குறுக்கிட்ட மூத்த உறுப்பினருக்கு “ஓகே பூமர்” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நல்ல அடி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து, எதுவும் மிச்சம் கிடைக்காதவர் சொன்னது. இங்கே வந்ததும் பூமர் அங்கிள் ஆகி, ஒரு யோகி பாபு படத்துக்குத் தலைப்பாகி, இப்போது முப்பத்தைந்து வயதுக்காரருக்கே கிடைக்கிறது.

சொல் ஊர் மாறும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் சிடுமூஞ்சி முதியவருக்கு ‘கர்மட்ஜன்’ என்று ஒரு பழைய சொல் உண்டு, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில், இது கெட்ட மனம் என்கிற இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் திரிபு என்று எழுதி, தகவல் தந்தவர் முகம் தெரியாத ஒரு கடிதக்காரர் என்றும் குறித்தார். இருபது வருடம் கழித்து அகராதி போட்ட ஜான் ஆஷ் அதைப் பார்த்து, அந்தப் பிரெஞ்சுச் சொற்களுக்கே ‘முகம் தெரியாத’, ‘கடிதக்காரர்’ என்பதுதான் அர்த்தம் என்று அச்சடித்துவிட்டார்.

நாமும் பூமரை அப்படித்தான் அச்சடிக்கிறோம். 1946க்கும் 1964க்கும் இடையில் நம் சேரிகளில் பிறந்தவர்களுக்கு எது பெருகியது? அவர்கள் சிறுவர்களாகவும் இளைஞர்களாகவும் இருந்தபோது, 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். கார் வைத்திருக்கும் பணக்கார மிராசுதாரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவர்கள் பெரிய மனிதர்கள் அல்லவா. மறுபடியும் அதே ‘பெரிய’.

பூமர் என்ற சொல்லே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அதற்கு உரிய ஆட்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் சர்க்கார் சம்பளம் வாங்கி, ஊரப்பாக்கத்தில் இரண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டு, காலையில் வாக்கிங் போய்க்கொண்டே “இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா?” என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர் இருக்கிறாரே, அவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். எடுத்துக்கொண்டவர் அவர்.

அந்த மாணவி கேட்டதற்கு வருகிறேன். நம் இயக்கங்களில் மூத்த ஆண்கள் பெண்களைப் பேச விடுவதில்லை. மேடையில் அண்ணன்களின் வரிசை முடிந்த பிறகு, நேரம் இருந்தால் தங்கைகள். கேள்வி கேட்டால், “நாங்கல்லாம் ஜெயிலுக்குப் போனவங்கம்மா.” இந்த விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி, அன்றைக்கு மரியாதை பேசிய தம்பிகள்தான் யோசிக்க வேண்டும். ஆனால் பூமர் என்ற சொல் அவருக்கு உதவவில்லை என்பது என் எண்ணம். குறுக்கே பேசுவதை வயதுக் கோளாறாக்கிவிட்டால் அந்த ஆள் தப்பித்துவிடுகிறார். இருபத்தைந்து வயதிலும் அவர் பெண்களை இப்படித்தான் இடைமறித்திருப்பார். ஒரு தம்பி இப்போதே நன்றாகச் செய்கிறார், அவரை யாரும் பூமர் என்பதில்லை. “குறுக்க பேசாதீங்க தாத்தா, நான் முடிச்சுக்கிறேன்” என்றால் நேராகப் போய்ச் சேரும். மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை, விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை.

மரியாதை என்றால் கீழ்ப்படிதல் என்று யார் சொன்னது? ‘பெரியார்’ என்ற பட்டத்தை 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு கொடுத்தது. மீனாம்பாள் சிவராஜ் கலந்துகொண்ட மாநாடு அது. அந்த மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார் என்று பழகியவர்கள் எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்கள். கோபம் அவருக்கும் மூக்குக்கு மேல்தான். ஆனால் ‘அர்’ கீழ்நோக்கியும் போனது. ரெட்டமலை சீனிவாசனை நம் மக்கள் தாத்தா என்கிறார்கள். 1945இல் மறைந்தபோது 85 வயதைத் தாண்டியவர். அந்தத் ‘தாத்தா’வில் ‘அர்’ கிடையாது, குறைவும் கிடையாது. நாமாக வைத்த பெயர்.

போன வாரம் எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய ஏழெட்டுப் பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வேலை செய்த இடத்தில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? ஒருவர் ‘டேய்’ என்றார். ஒருவர் ‘தோலு’ என்றார், தோல் கம்பெனி நாற்றத்துக்கு. கட்டட வேலைக்குப் போன அக்கா ‘சித்தாளு’ என்றார். என் அம்மா கொஞ்சம் யோசித்து, “வேலக்காரம்மா. பசங்க வேலக்காரின்னும்” என்றார். நீங்களும் உங்கள் வீட்டில், கூடுவாஞ்சேரியோ வண்டலூரோ மாடம்பாக்கமோ, கேட்டு எழுதி அனுப்புங்கள், பெயர் இல்லாமல் தொகுக்கலாம். கடைசி வீட்டில் இருக்கும் பாட்டி, ஒரு பங்களாவில் இருபத்திரண்டு வருடம் பாத்திரம் தேய்த்தவர், கேள்வியே புரியாதது போல என்னைப் பார்த்தார். தெருவில் பெரிய சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவர். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“கூப்ட மாட்டாங்க. கைத் தட்டுவாங்க” என்றார்.